பத்து நாள் விடுமுறையும் ஒரு கையெழுத்து இதழும்

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நாளுக்கும், புத்தாண்டு கழிந்து பள்ளி மீண்டும் திறக்கும் நாளுக்கும் இடையே கிடைப்பவை ஏறக்குறையப் பத்து நாட்கள். கோடை விடுமுறை போல அது நீண்டு சலிப்பதில்லை. காலாண்டு விடுமுறை போலக் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுவதும் இல்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளில் இந்தப் பத்து நாட்களுக்குள் ஒரு பண்டிகையும் அடங்கிக் கிடக்கிறது. பெரியவர்களுக்கு அது வேலைச் சுமை. பிள்ளைகளுக்கோ, துணிக்கடையிலும் பேக்கரியிலும் பெரியவர்களுக்குப் பின்னால் பை தூக்கி நடப்பதும், எஞ்சிய நேரத்தில் கைப்பேசிக்காகச் சண்டையிடுவதுமாக முடிந்துபோவதுண்டு. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக இந்த நாட்களைச் சற்று வேறு விதமாகக் கழித்து வருகிறோம். நண்பர்கள் சிலர் கேட்டதன் பேரில் அதை இங்கே எழுதி வைக்கிறோம்.

எழுதுவது கணவன் மனைவி இருவருமாக. ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்ய, நடுவில் வாக்குவாதமும் நடந்ததால் நடை ஆங்காங்கே முரண்பட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்களில் ஒருவருக்கு அப்பாவும் மற்றவருக்கு மாமாவுமான பெரியவரை இக்கட்டுரையில் தாத்தா என்றே குறிப்பிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மூவர்: எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மூத்தவள், மூன்றாம் வகுப்பிலிருக்கும் இளையவன், விடுமுறைக்குப் பெங்களூருவிலிருந்து வரும் தங்கை மகன். அவன் ஆறாம் வகுப்பு. தமிழ் பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. இவர்கள் அனைவருக்கும் மேலாக, அடுக்களையில் இன்றும் செங்கோல் ஓச்சுபவர் பாட்டி.

2023 ஆகஸ்ட் மாதம் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கை, வலக்காலோடு பேச்சும் சேர்ந்து தடுமாறும் என்று மருத்துவர் விளக்கினார். கால் விரைவில் தேறியது. கை தேறவில்லை. பேச்சில் சொற்கள் தொண்டைக்குழி வரை வந்து அங்கேயே நின்றன. ‘தண்ணீர்’ என்று கேட்க அரை நிமிடம் ஆகும்; சில வேளை ‘தண்ணீர்’ என்பதற்குப் பதில் ‘சன்னல்’ என்று வரும், வந்தது தவறு என்று அவருக்கே தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாழ்நாள் முழுவதும் சொல்லை வைத்துப் பிழைத்தவர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் காலண்டரில் மட்டுமே வந்து போயிற்று. குடிலும் நட்சத்திரமும் பரணிலேயே இருந்தன. கீழே நாங்கள் எழுதுவது 2024 டிசம்பரைப் பற்றியது.

தொடக்கம் தீப்பெட்டியிலிருந்து. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விச்செர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, தினம் ஒன்றாக ஏற்றச் செய்தார் என்பது வரலாறு. எங்கள் வீட்டில் மெழுகுவர்த்திக்குப் பதில் இருபத்து நான்கு காலித் தீப்பெட்டிகள். அவற்றின் மேல் வண்ணத்தாள் ஒட்டி, எண் எழுதி, ஒரு கயிற்றில் கோத்துச் சன்னலில் கட்டிவிடுவோம். ஒவ்வொன்றின் உள்ளும் அன்றைய வேலை ஒரு துண்டுத் தாளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். டிசம்பர் 1 முதல் தினம் ஒரு பெட்டி. வேலைகளை எழுதுவது பிள்ளைகளே. ஆனால் யார் எழுதிய சீட்டு எந்தப் பெட்டியில் என்பது பாட்டிக்கு மட்டும் தெரியும். ‘இன்று அப்பா பாத்திரம் கழுவ வேண்டும்’ என்ற சீட்டு மூன்று முறை வந்ததில் சூழ்ச்சி இருப்பதாக எங்களில் ஒருவருக்கு இன்றும் ஐயம்.

பதினான்காம் எண் பெட்டியில் எப்போதும் ஒரே வேலைதான்: விதைப்பு. அகலமான மண் தட்டில் செம்மண்ணும் தொழு உரமும் பரப்பி, ஒரு இரவு ஊறிய கேழ்வரகைத் தூவி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் பத்து நாளில் குடிலுக்குப் பசும்புல் தயார். கேழ்வரகு கிடைக்காவிட்டால் வெந்தயமோ கடுகோ போதும். இதை எங்களுக்குக் கற்பித்தவர் அடுத்த வீட்டு அக்கா. நவராத்திரிக் கொலுவின் கீழே பூங்கா அமைக்க அவர் கையாளும் முறை இது. அவர் வீட்டுக் கொலுவிலிருந்து ஒரு மண் பசுவும் ஆண்டுதோறும் எங்கள் குடிலுக்கு வந்து நின்றுவிட்டுப் பொங்கலுக்கு முன் திரும்பிப் போகும். எங்கள் செட்டில் இருந்த மாடு கொம்பொடிந்து, பிறகு தலையொடிந்து, நெடுநாளாயிற்று.

குடில் அமைப்பது பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் அதைக் கடந்து செல்கிறோம். சவுக்குக் கிளை, வைக்கோல், தேங்காய் நார், பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பழுப்பு வண்ணம் பூசிய மலை. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குடிலோடு சேர்த்து நாங்கள் ஆடும் ஒரு விளையாட்டை மட்டும் சொல்ல வேண்டும். அது வாசிப்பு விளையாட்டு. மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களையும் லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தையும் உரக்க வாசித்துக்கொண்டே, குடிலில் நிற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் நூலில் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். சான்று இருப்பவர் வலப்பக்கம், இல்லாதவர் இடப்பக்கம். மேய்ப்பர் லூக்காவில் மட்டும் வருகிறார்கள். ஞானிகள் மத்தேயுவில் மட்டும். அவர்கள் மூவர் என்று எங்குமே சொல்லப்படவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவர் ஆகிவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் தொழுவம் என்றும் இல்லை. வீடு என்றே இருக்கிறது. ஒட்டகம் கிடையாது. மூத்தவள் இதையெல்லாம் அட்டவணை போட்டு எழுதி முடித்தபோது இடப்பக்கம் கூட்டம் பெருகிவிட்டது. கடைசியில் மாட்டின் முறை. இரண்டு நற்செய்திகளிலும் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் எசமானை அறியும் மாட்டையும் கழுதையையும் பற்றி வருவதைப் பிற்காலத்தார் இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். இத்தாலியில் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையுமே நிறுத்திக் குடில் அமைத்தார்.

கடன் வாங்கி வந்த பசுவை இடப்பக்கம் தள்ளுவதா என்று பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். சாய்வு நாற்காலியிலிருந்து தாத்தா கை உயர்த்தினார். காத்திருந்தோம். அவர் பேசத் தொடங்கினால் யாரும் இடையில் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அப்போது வீட்டின் சட்டம்.

“இருக்கட்டும்... மக்கா. மாடு... இல்லாம... முன்னணை... ஏது?”

லூக்காவில் குழந்தையைக் கிடத்திய இடத்துக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கையாளும் சொல் ‘முன்னணை’. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தீவனத் தொட்டி’ என்று இருக்கிறது. எந்தச் சொல்லாயினும் அது மாடு தின்னும் இடம். ஆகவே பசு பெயர் குறிப்பிடப்படாமலேயே கதைக்குள் நிற்கிறது என்பது தாத்தாவின் வாதம். ஆறு சொல்லில் முடிந்த உரை. பசு வலப்பக்கம் போயிற்று; கழுதைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

நட்சத்திரத்துக்கு வருவோம். கடையில் மடக்கி வைத்த அட்டை நட்சத்திரங்கள் கிடைக்கின்றன, விரித்துத் தொங்கவிட்டால் முடிந்தது. ஆயினும் மூங்கில் சிம்பில் கட்டிய நட்சத்திரத்துக்கு வாசலில் ஒரு கம்பீரம் உண்டு, அதோடு அதைக் கட்ட ஒரு முழு நாள் ஆகும் என்பது பெற்றோருக்குப் பெரும் ஆறுதல். செய்முறை எளிது. மூன்றடி நீளத்தில் ஒரே அளவான பத்துச் சிம்புகள். ஐந்து சிம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக, மேலும் கீழுமாகப் பின்னி ஐந்து முனையில் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே போல இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் ஆறங்குலக் கட்டைகளை ஊன்றினால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். பிறகு மைதாப் பசையால் வண்ணத்தாள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, சிறுவர் கைபடும் வேலையில் நாங்கள் அதைச் சேர்ப்பதில்லை. உள்ளே ஐந்து வாட் எல்இடி விளக்கு. முன்பு ‘சீரோ வாட்’ பல்பு போடுவோம். பெயர்தான் சுழியமே தவிர அது நன்றாகவே சூடாகும், தாள் கருகிய ஆண்டுகள் உண்டு.

இதில் ஒரே சிக்கல், சிம்புகள் வெட்டும் இடத்தை முன்கூட்டியே அறிவது. குறி தவறினால் ஒரு கை நீண்டு ஒரு கை குறுகி, நட்சத்திரம் தவளை போல நிற்கும். தாத்தாவின் விதி: சிம்பின் நீளத்தில் எட்டில் மூன்று பங்கு, இரு முனையிலிருந்தும். 36 அங்குலச் சிம்பில் அது பதின்மூன்றரை. மூத்தவள் தாளில் வரைந்து கணக்கிட்டுப் பதின்மூன்றே முக்கால்தான் சரி என்றாள். அவள் சொல்வது உண்மையே. ஐங்கோண நட்சத்திரத்தின் கோடுகள் ஒன்றையொன்று பொன் விகிதத்தில் வெட்டுகின்றன, ஒரு முனையிலிருந்து 38.2 விழுக்காட்டில் முதல் வெட்டு விழும். நட்சத்திரத்தின் ஐந்து முனைக் கோணங்களையும் அளந்து கூட்டினால் 180 பாகை வரும் என்பதையும் அவளே கண்டுபிடித்து வாசல் சுவரில் கரியால் எழுதி வைத்தாள். ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் மொராவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830-களில் வடிவியல் பயிற்சியாகச் செய்யப்பட்ட கூர் கூரான காகித நட்சத்திரமே இன்று உலகெங்கும் தொங்கும் மொராவிய நட்சத்திரம் என்று வாசித்ததுண்டு. கணக்கு வாத்தியார்களுக்குக் கிறிஸ்துமஸில் உரிய பங்கு தரப்படவில்லை என்பது எங்கள் கட்சி.

கால் அங்குல வேறுபாட்டைப் பேத்தி பெருமிதத்துடன் அறிவித்தபோது தாத்தா மறுக்கவில்லை. கட்டுச் சணலைத் தூக்கிக் காட்டினார். முனையில் நாலு சுற்றுச் சுற்றினால் கயிறு அந்தக் கால் அங்குலத்தை விழுங்கிவிடும் என்பது அதன் பொருள். எட்டில் மூன்று என்பது கட்டி முடித்த நட்சத்திரத்திலிருந்து பிறந்த அளவு. பேத்தியின் அளவு தாளில் வரைந்த நட்சத்திரத்தினுடையது. இரண்டு முறையிலும் ஒவ்வொன்று கட்டப்பட்டு இரண்டும் வாசலில் தொங்கின. எது எவருடையது என்று வந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

அடுக்களை வேலைகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் எண்ணெய்ச் சட்டிக்கு அப்பால் நிறுத்திச் சேர்க்க வேண்டும். ஆகவே அச்சு முறுக்கு அவர்களுக்கு வேடிக்கை மட்டுமே; பூப்போன்ற இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் சூடாக்கி, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும் கலந்த கரைசலில் முக்கால் பங்கு மட்டும் முக்கி எடுப்பதைப் பாட்டி செய்ய, மற்றவர்கள் எண்ணுவார்கள். அவர்களுக்கு உரிய வேலை முந்திரிக்கொத்து. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல்: இதில் முந்திரிப் பருப்பு கிடையாது. வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவோடு வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் சிறு உருண்டைகளாகப் பிடித்து, மும்மூன்றாக அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். கொடிமுந்திரி என்பது திராட்சையின் பழம் பெயர். திராட்சைக் கொத்துப் போலிருப்பதால் முந்திரிக்கொத்து ஆயிற்று என்று தாத்தா சொல்வதுண்டு.

உருண்டை பிடிப்பதுதான் கடினம். மாவு உதிரியாக இருக்கும். உள்ளங்கையில் இறுக்கி அழுத்தாவிட்டால் எண்ணெயில் போட்டதும் கரைந்துவிடும். இங்கேதான் பாட்டி ஒரு காரியம் செய்தார். தாத்தாவுக்கு வலக்கைப் பயிற்சிக்கென்று உடற்பயிற்சி நிபுணர் ஒரு மெல்லிய ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார். ஓராண்டாக அந்தப் பந்து அலமாரியிலேயே கிடந்தது. கிழவனுக்குப் பந்து விளையாட்டா என்று அவர் அதைத் தொடுவதில்லை. நாங்கள் இருவரும் கெஞ்சியும் கோபித்தும் பார்த்தாயிற்று. பாட்டி ஒன்றும் சொல்லாமல் இளஞ்சூடான மாவுத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அவர் மடிக்கு எதிரே முக்காலியில் வைத்து, “பிள்ளையளுக்குப் பிடிக்கத் தெரியல்ல. நீங்க சொல்லிக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் உருண்டை உதிர்ந்தது. இரண்டாவதும். இடக்கையால் வலக்கையைப் பொத்தி அழுத்தியபோது மூன்றாவது ஒருவாறு நின்றது. அன்று மாலைக்குள் அவர் பிடித்தவை நாற்பதுக்கு மேல். கோலி, எலுமிச்சை, கோழிமுட்டை என எல்லா அளவிலும் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பொரித்ததில் அவ்வாண்டு முந்திரிக்கொத்துகள் எவையும் திராட்சை போல இல்லை. அவற்றையே முதலில் எடுத்துத் தின்று தீர்த்தவன் இளையவன். அன்றிலிருந்து சப்பாத்தி மாவு, பிட்டு மாவு, அரைத்த தேங்காயிலிருந்து பால் பிழிவது எல்லாம் தாத்தாவின் பொறுப்பாயிற்று. பந்து இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

சபையின் கீத பவனி வீட்டு வாசலுக்கு வரும் இரவுக்காகப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டாவது ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று தினமும் மாலை அரை மணி நேரம் பயிற்சி வைத்தோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பழைய கீர்த்தனைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பெங்களூருப் பிள்ளைக்குப் பொருள் விளங்கவில்லை; இளையவனுக்குத் தாளம் நிற்கவில்லை. மூன்றாம் நாள், இரண்டாம் சரணத்தில் மூவரும் மறந்து நின்ற இடத்தில், நாற்காலியிலிருந்து பாட்டு தொடர்ந்தது. ஒரு சொல் தடுக்கவில்லை. சரணம் முழுவதும், அடுத்த சரணமும், அது முடிந்து பல்லவியும்.

பேச்சு தடைப்பட்டவர்கள் பலருக்குப் பாட்டு எஞ்சியிருக்கும் என்பதும், அதையே சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறை உண்டு என்பதும் மருத்துவ உலகில் தெரிந்த செய்திதான். எங்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பதினாறு மாதமாக அவர் முன்னால் நாங்கள் மெல்லப் பேசியிருக்கிறோம், எளிய சொற்களாகப் பார்த்துப் பேசியிருக்கிறோம், பாடியதில்லை. பாட்டு முடிந்ததும் பாட்டி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். “சுருதி சேரல்ல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் முதல் பயிற்சி ஒரு மணி நேரமாயிற்று.

இனி இதழ். பெயர் ‘முன்னணை’. 2016-இல் தாத்தா தொடங்கியது. முப்பத்திரண்டு பக்கம், ஒரே ஒரு பிரதி, பழைய காலண்டர் அட்டையில் மேலுறை, ஊசி நூலால் தைத்த கட்டு. விதிகள் சில உண்டு. வீட்டில் உள்ளவர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள் அனைவரும் ஏதேனும் எழுதியாக வேண்டும். வரையலாம், சமையற்குறிப்பும் ஏற்கப்படும். எங்கிருந்தும் பார்த்து எழுதக் கூடாது. கடைசி இரண்டு பக்கம் வெற்றாக விடப்படும். பண்டிகை நாளில் பலகாரத் தட்டோடு வருகிறவர்களிடம் இதழைக் கொடுத்து அங்கேயே ‘வாசகர் கடிதம்’ எழுதி வாங்கிவிடுவோம். தட்டைத் திருப்பித் தரும்வரை அவர்களால் போக முடியாதல்லவா.

2024 இதழுக்கு முதல் சிக்கல் எண். 2022 வரை ஏழு இதழ் வந்திருக்கிறது, 2023-இல் வரவில்லை. ஆக இது எட்டா ஒன்பதா? இளையவன் எட்டு என்றான். மூத்தவள், ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்குப்படி ஒன்பது என்றாள். தமிழ்ச் சிற்றிதழ் மரபை நன்கறிந்த தாத்தா தாளை இழுத்து இடக்கையால் ‘8–9’ என்று எழுதினார். இரட்டை இதழ்! நிதி நெருக்கடியாலும் ஆசிரியரின் உடல்நலக் குறைவாலும் தாமதமாகி இணைந்து வெளிவரும் சிற்றிதழ்களின் நீண்ட வரிசையில் எங்கள் ‘முன்னணை’யும் சேர்ந்தது.

இரண்டாவது சிக்கல் பெங்களூருப் படைப்பாளி. அவன் ஒரு கதை எழுதியிருந்தான். பேய் வரும் கதை. மொழி தமிழ், எழுத்து கன்னடம். பள்ளியில் அவன் கற்பது அதுதான். வாசிக்கச் சொன்னால் அருமையான நாகர்கோவில் தமிழ் வருகிறது. பார்த்தால் எங்களில் யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. மூத்தவள் கேட்டு எழுதித் தருவதாகச் சொன்னாள். தாத்தா தலையசைத்து மறுத்து, அவனையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். இருவரும் கரும்பலகையை எடுத்தார்கள். கன்னடத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து இருக்கத் தமிழில் ஏன் ஒன்றே ஒன்று, எங்கே எப்படி ஒலிப்பது என்று எப்படித் தெரியும் என்பது அவன் கேள்வி. நல்ல கேள்வி. முப்பது ஆண்டு அவர் வகுப்பில் பதில் சொன்ன கேள்வியும்கூட.

“கடல்... முதல்ல வந்தா... வலுக்கும். பக்கம்... இரட்டிச்சா... வலுக்கும். தங்கம்... மெல்லின... மெல்லினத்துக்குப் பின்னால... மெலியும். காகம்... நடுவில... தேயும்.”

ஒவ்வொரு சொல்லாக வந்தது. அவருக்குச் சொல் தேட நேரம் வேண்டும். அவனுக்கு எழுத்துத் தேட நேரம் வேண்டும். எங்களைப் போல இவன் அவசரப்படவில்லை என்பதை அப்போது கவனித்தோம். அவர் ஒரு சொல்லுக்காக விழிமூடி இருக்கும்போது இவன் முந்தைய சொல்லைப் பலகையில் எழுதி முடித்துக் கொண்டிருப்பான். தினம் இரண்டு மணி நேரம் இப்படிப் போயிற்று. முன்பெல்லாம் விடுமுறைக்கு வந்தால் தாத்தாவிடம் ‘நல்லாருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டு ஓடிவிடும் பிள்ளை.

மூத்தவள் பொறுப்பில் ஒரு பேட்டிப் பகுதி இருந்தது. பெரியவர் ஒவ்வொருவரிடமும் ‘மறக்க முடியாத கிறிஸ்துமஸ்’ எது என்று கேட்க வேண்டும். பாட்டி தம் திருமணத்துக்கு மறு ஆண்டைச் சொன்னார். தாத்தா 2004 என்றார். அதைச் சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைக்கு மறுநாள், கடற்கரை ஊர்களில் மக்கள் கோயிலுக்குப் போயிருந்த காலை வேளை, மணக்குடியில் இரு கரையையும் இணைத்த பாலத்தைக் கடல் பெயர்த்தெறிந்தது, கொளச்சல் பக்கம் இழப்பு இன்னும் பெரிது. தப்பி வந்தவர்களைத் தங்கவைத்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரும் உடன் பணியாற்றியவர்களும் வீடுகளில் மிஞ்சியிருந்த கேக்கையும் முறுக்கையும் பால் பொடியையும் பெட்டி பெட்டியாகக் கொண்டு போனார்கள். ஒரு சிறுமி முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தாள். இருபது ஆண்டுகளில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. பேட்டி இதழில் ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் மூத்தவள் புள்ளிகள் வைத்திருக்கிறாள்.

மேலுறைத் தலைப்பு எப்போதும் தாத்தாவின் கையெழுத்தில் இருக்கும். இம்முறை யார் எழுதுவது என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. டிசம்பர் 23 இரவு அட்டை, பட்டைத் தூரிகை, கறுப்பு மை மூன்றும் மேசையில் இருந்தன. காலையில் பார்த்தபோது எழுதப்பட்டிருந்தது. இடக்கை எழுத்து, மு சற்றுச் சாய்ந்து, ன்ன ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. கடைசி எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மூவரும் பிழை என்று கூவினார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போல வளைத்து எழுதுவார்கள். இவர் இன்றும் அப்படித்தான் எழுதுவார். அந்தத் துதிக்கை மட்டும் நடுக்கமின்றி ஒரே வீச்சில் விழுந்திருந்தது.

வேறு சிலவும் உண்டு. பெயர்ச் சீட்டுக் குலுக்கி எடுத்து, யாருக்கு யார் என்று வெளியில் சொல்லாமல் உதவிகள் செய்யும் ‘கிறிஸ்மா, கிறிஸ் சைல்டு’, மாலையில் தாயம், பாட்டியிடம் எல்லாரும் தோற்கும் பல்லாங்குழி. இவற்றை வாசகர்களே அறிவார்கள். புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: தீப்பெட்டிகளை நவம்பரிலேயே சேர்க்கத் தொடங்குங்கள். இருபத்து நான்கு காலிப் பெட்டி சேர்வது இந்தக் காலத்தில் எளிதன்று. எங்கள் தெருவில் இப்போது எல்லார் வீட்டிலும் லைட்டர்.

பேய்க்கதையின் முடிவில் ‘தொடரும்’ என்று இருந்தது. ஓராண்டு காத்திருக்க வேண்டுமே என்று வாசகர் கடிதத்தில் அடுத்த வீட்டு அக்கா வருந்தியிருந்தார். பிப்ரவரியில் பெங்களூருவிலிருந்து சாதாரணத் தபாலில் ஓர் உறை வந்தது, ‘ஆசிரியர், முன்னணை’ என்று முகவரியிட்டு. உள்ளே இரண்டாம் பகுதி. பெரும்பாலும் தமிழ் எழுத்து, தெரியாத இடங்களில் கன்னடம். தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடக்கையில் சிவப்பு மைப் பேனாவோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தார். பதினேழு இடத்தில் சுழித்திருக்கிறார். கன்னட எழுத்துகள் எதையும் சுழிக்கவில்லை.